பொம்மசந்திராவில் பல் தேடிய மத்தியானம்

வீடு மாற்றிக் கொடுக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அட்டைப்பெட்டியை எப்படி மடிப்பது, பீரோவை எப்படிச் சாய்த்து மாடிப்படியில் இறக்குவது என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் உங்கள் கைக்கே வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம். நான் சொல்ல வந்தது, நீங்கள் தப்புப் பண்ணப்போகும் நாளைப் பற்றி. கட்டாயம் பண்ணுவீர்கள். பெங்களூரில் வருஷக் கணக்காக சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு வீட்டின் குப்பைக் கூடையைக் குப்பையோடு சேர்த்து, பஞ்சு வைத்துச் சுற்றி, பத்திரமாக மைசூருக்கு அனுப்பியவன். அங்கே அதைப் பிரித்த அம்மாள் எனக்கு ஃபோன் போட்டு, "வெங்காயத் தோல்கூட அப்படியே இருக்குதுப்பா, ஒண்ணும் உடையல" என்றார். பாராட்டினாரா, திட்டினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனால் அதெல்லாம் சின்னத் தப்பு. பெரிய தப்பு, ஒரு பெரியவரின் பல்லைப் பெட்டியில் போட்டுக் கட்டியது.

தொண்ணூறுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு வாடகை வீட்டில் சாமிநாதன் என்று ஒரு பெரியவர் இருந்தார். மாநில அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் வசந்தா, பள்ளிக்கூட டீச்சர், முப்பது வயது தாண்டியாகிவிட்டது. வந்த வரன் இரண்டும் ஒரே காரணத்தைச் சொல்லித் தட்டிப்போயின. "வீட்டுல மொத்தமே ரெண்டு பேரு. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நிக்க ஆள் இல்ல. பொண்ணுக்குத் தாய்மாமன்கூட இல்ல." பெரியவர் ஓசூர் போகும் வழியில், அத்திபெலேயில் சின்னதாக ஒரு வீடு கட்டியதே, சொந்த வீடாவது இருந்தால் அந்தக் குறை கொஞ்சம் மறையட்டும் என்றுதான். மூன்றாவது வரன் ஓசூரிலிருந்து. புது வீட்டுக்கே பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

முதல் நாளே போயிருக்க வேண்டிய லாரி எங்கள் கோளாறால் மறுநாள் போனது. அதனால் காலையில் பால் காய்ச்சுவது, மத்தியானம் சாமான் இறக்குவது, நாலு மணிக்குப் பெண் பார்ப்பது என்று மூன்றும் ஒரே நாளில் வந்து விழுந்தன. வசந்தா விடியற்காலையிலேயே ஒரு ஸ்டவ்வும் பாலும் ஒரு பாயும் எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியவர் எங்களோடு ஈஜிபுராவில் இருந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு, காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எது கேட்டாலும் தலையாட்டல்தான். ஒரு நாள் தாமதம் பண்ணிவிட்டோமே, கோபம் என்று நினைத்தேன். பெரியவர்களின் கோபத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

இங்கே ஒரு தொழில் ரகசியம். எனக்கு வேலை பழக்கிய மேஸ்திரி, "மூடியிருக்கற டப்பாவ ஒருநாளும் திறக்காதே. நீ திறந்து பாத்த டப்பாவுல நாளைக்கு ஒரு கிராம்பு குறைஞ்சாலும் எடுத்தவன் நீதான்" என்பார். நல்ல விதிதான். ஆகவே மூடிய டப்பாவைப் பார்த்தால் மூடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, பேப்பரில் சுற்றிப் பெட்டியில் வைப்போம். அன்றைக்குச் சமையலறை அலமாரியில் உள்ளங்கை அளவில் ஓர் எவர்சில்வர் டப்பா இருந்தது. எடுத்தேன். 'தளக்' என்றது. எண்ணெய் போலிருக்கிறது, சிந்தப்போகிறதே என்று இன்னும் இரண்டு சுற்று டேப் ஒட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பெட்டிகளுக்கு வரிசையாக நம்பர் போட வேண்டும் என்பது இன்னொரு விதி. அவசரத்தில் அதை மட்டும் விட்டுவிட்டேன். 'சமையல்' என்று எழுதிய முப்பத்தொரு பெட்டிகள் லாரியில் ஏறின.

லாரியில் டிரைவர் பாஷா பாய், நடுவில் பெரியவர், ஓரத்தில் நான். பின்னால் சாமான்களோடு லோடு ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர். பாதி வழியில் பொம்மசந்திரா வந்ததும் பெரியவர் மடியில் வைத்திருந்த துணிப்பையைத் திறந்து, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து மூடியைத் தூக்கினார். உள்ளே கிராம்பும் ஏலக்காயும். டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். பையைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் என் கண்ணாடி மடியில் விழுந்தது. என் கையில் இருந்த சாமான் பட்டியலைப் பிடுங்கி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினார்.

"பொருள்: செயற்கைப் பற்கள், மேல் மற்றும் கீழ், காணப்படாமை தொடர்பாக. மேற்படி பற்கள், மாலை நிகழ்ச்சியை முன்னிட்டுச் சுத்தம் செய்யும் பொருட்டு, இன்று காலை சமையலறை அலமாரியில் ஓர் எவர்சில்வர் டப்பாவில் நீரில் வைக்கப்பட்டிருந்தன. தவறுதலாக எடுத்துவந்த, தற்போது கைவசம் உள்ள அதே போன்ற வேறு டப்பாவில் கிராம்பும் ஏலக்காயும் மட்டுமே உள்ளன. உடன் நடவடிக்கை எடுக்கவும். மிக அவசரம்."

'மிக அவசரம்' என்பதன் கீழே இரண்டு கோடு. அதன் கீழே கையெழுத்து. அலுவலகத்தில் எழுதிய கை அல்லவா!

அந்தத் 'தளக்' என் காதில் மறுபடி கேட்டது. "சார், இன்னிக்கு ஒரு நாள் பல் இல்லாமலே சமாளிச்சிடலாமே" என்று இளித்தேன். அவர் மறுபடி எழுதினார். "இயலாது. பல் இன்றி வரன் வீட்டார் முன் வாய் திறக்க மாட்டேன். பெண் சார்பில் பேச என்னைத் தவிர வேறு நபர் இல்லை." இந்தத் தடவை கோடு போடவில்லை. 'நபர்' என்ற சொல் கோணலாக விழுந்திருந்தது. அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நான் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

"பாஷா பாய், ஓரம் கட்டுங்க."

லாரி நின்றது ஒரு ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே. மணி இரண்டு தாண்டி, முதல் ஷிப்ட் விட்ட நேரம். ஓசூர் ரோடு ஓரமெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கும் ஜனம். நாங்கள் பின்கதவைத் திறந்து 'சமையல்' பெட்டிகளை இறக்கி ரோட்டோரம் அடுக்கத் தொடங்கினோம். பெரியவர் லாரியின் படியில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் இன்னும் இறுக்கிக்கொண்டு, யாருக்கும் சொல்லிவிடாதே என்று எனக்குச் சைகை காட்டினார். நானும் சரியென்று தலையாட்டினேன். அன்றைக்கு நான் பண்ணிய இரண்டாவது தப்பு அது.

"இன்னா தேடறீங்க?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் டிபன் கேரியர்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா செக்கிங்."

"ரோட்டுலயா செக்கிங்?"

"ரொட்டீன் செக்கிங்."

ரொட்டீன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். கூட்டம் நெருங்கியது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி, நீலச் சட்டையும் விசிலுமாக ரோட்டைத் தாண்டி வந்தார். "யார் வீட்டு சாமான்பா இது? பேப்பர் கீதா?" என்றார். பேப்பர் இருந்தது. ஆனால் அதன் பின்பக்கம் பல் விவகாரம் இருந்ததால் நான் அதைச் சட்டைக்குள் செருகி மறைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அப்போதுதான் அந்தப் பெண்ணின் கண் லாரிப் படிக்குப் போனது.

"ஐயையோ! பெரியவர் வாயைக் கட்டி வெச்சிருக்காங்க!"

நினைத்துப் பாருங்கள். நடு ரோட்டில் ஒரு குடும்பத்தின் சாமான் முழுவதும் இறங்கிக் கிடக்கிறது. முழிக்கிற முழியே சரியில்லாத நாலு ஆம்பிளைகள். வாயில் துணி கட்டிய ஒரு வயசானவர், கண்ணில் தண்ணீர். அவர் 'இல்லை இல்லை' என்று வேகமாகக் கையை ஆட்டினார். அது 'காப்பாத்துங்க, காப்பாத்துங்க' என்பது போலவே இருந்தது. ஜங்ஷனில் நின்ற டிராஃபிக் கான்ஸ்டபிள் ஓடி வந்து, "ஏனய்யா இது?" என்று கன்னடத்தில் அதட்டி என் காலரைப் பிடித்தார். பாஷா பாய், "சாமி, நான் வெறும் டிரைவர், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று லாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் அன்றைக்கு அப்படிச் சொன்னார்.

காலர் கழுத்தை இறுக்க, எனக்கு எல்லாம் உடைந்துவிட்டது.

"பல்லுங்க!" என்று கத்தினேன். "பெரியவரோட பல்செட்டு! நான்தான் தெரியாம பேக் பண்ணிட்டேன்! நாலு மணிக்குப் பொண்ணு பார்க்க வராங்க! பல்லு இல்லாம அவர் வாயைத் திறக்க மாட்டேங்கிறார்! பொண்ணுக்குப் பேச வேற ஆளே இல்ல!"

பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு யாரோ ஒருவர் 'புஸ்' என்று சிரிக்க, கூட்டம் மொத்தமும் சிரித்தது. கான்ஸ்டபிளும் சிரித்தார், காலரை விடாமலே.

டிபன் கேரியர் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அட கர்மமே, இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று டிபன் கேரியரைக் கீழே வைத்தாள். "மணி ரெண்டரை ஆவுது. அத்திபெலே போவணும், சாமான் இறக்கணும். நிக்கறீங்களே எல்லாரும்! வாங்கடி!"

அவள் பெயர் சுசீலா. அந்த ஃபேக்டரியில் பேக்கிங் செக்ஷன். அவளோடு ஏழெட்டுப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஏழெட்டு ஆண்கள். யாருக்கும் பெரியவரைத் தெரியாது, என்னைத் தெரியாது. இரண்டு நிமிஷம் முன்பு என்னை உதைக்க நின்றவர்கள்தான், இப்போது சட்டைக்கையை மடித்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

செக்யூரிட்டி பெயர் ஆரோக்கியராஜ். கோலார் தங்கவயல்காரர், சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். அவர் தலைமை ஏற்றுக்கொண்டார். "உள்ள ஆளு மாட்டிக்கினா இன்னா பண்ணுவோம்? கண்டபடி தோண்ட மாட்டோம். தட்டி, காதை வெச்சிக் கேப்போம். பொட்டியப் பிரிக்காதீங்க, ஆட்டிப் பாருங்க!" உடனே பதினாறு பேர் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினார்கள். சமையலறைப் பெட்டி அல்லவா, முப்பத்தொன்றும் கடகடவென்றுதான் சத்தம் போட்டன. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆட்டுனது போதும், கீழ வைங்க" என்றாள் சுசீலா. என் பக்கம் திரும்பினாள். "யோவ் சூப்பர்வைசரு, பொட்டிக்கு நம்பர் ஏன் போடல?"

"அவசரத்துல..."

"நாங்க ஒரு நாளைக்கு எத்தினி பொட்டி கட்டறோம் தெரியுமா? நம்பர் போடாம ஒண்ணு போனா எங்க லைன் லீடர் தோலை உரிச்சிடும். சரி, அந்த டப்பாவ எப்பக் கட்டுன? டீ குடிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

யோசித்தேன். டீக்கு முன்னால். டீ குடித்துவிட்டு வந்தபோது பிரவுன் டேப் தீர்ந்துபோய், வெள்ளை டேப்புக்கு மாறினோம் என்பதும் நினைவுக்கு வந்தது. "பிரவுன் டேப் போட்டது மட்டும் பிரிங்க!" என்று அவள் கூவினாள். முப்பத்தொன்று ஒன்பதாகக் குறைந்தது. மூளை என்றால் அதுதான் ஐயா மூளை! நானோ சூப்பர்வைசர் என்று சட்டையில் எழுதி வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பதையும் பிரித்தார்கள். ஈஜிபுரா வீட்டின் குடும்ப ரகசியமெல்லாம் பொம்மசந்திராவில் வெளியே வந்தது.

"அக்கா, ரெண்டு பேருக்கு எட்டு தோசைக்கல்லு!"

"காலி ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் ஒரு பொட்டி!"

"இதுல பாரு, அறுந்து போன பட்டன் ஒரு டப்பா. எதுக்கு சார் இது?"

பெரியவர் மிகுந்த கண்ணியத்தோடு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். டேப் போட்ட எவர்சில்வர் டப்பாக்கள் மட்டும் பதினேழு இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். கடுகு. வெல்லம். சேஃப்டி பின். விபூதி. அதைத் திறந்தவன் பயபக்தியோடு நெற்றியில் இட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தான். பதினான்காவது டப்பாவை எடுத்த ஒரு பெண், "இது ஈரமா கீது" என்றாள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் போட்ட டேப் அப்படிப்பட்ட டேப். நகத்தால் பிய்த்து, பல்லால் கடித்து, கடைசியில் கான்ஸ்டபிள் பைக் சாவியால் கீறித் திறந்தார். உள்ளே தண்ணீரில் மேலும் கீழுமாக இரண்டு வரிசையும் பளபளவென்று சிரித்துக்கொண்டு கிடந்தன. ரோட்டோரம் கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள்.

பெரியவர் டப்பாவை வாங்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது துண்டு தோளில் இருந்தது. நேரே என் முன்னால் வந்து நின்றார். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "முட்டாள்!" அதற்குப் பிறகு தமிழில் கொஞ்ச நேரம், கான்ஸ்டபிளுக்கும் புரியட்டும் என்று கன்னடத்தில் கொஞ்ச நேரம். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.

இதற்குள் இவர்கள் எல்லோருடைய பஸ்ஸும் போய்விட்டது. முக்கால்வாசிப் பேர் அத்திபெலே பக்கம்தான். ஆரோக்கியராஜுக்கும் டியூட்டி முடிந்துவிட்டது. "ஏறுங்க, நம்ம வண்டியிலயே போயிடலாம்" என்றேன். சரக்கு லாரியில் ஆள் ஏற்றக் கூடாது. கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், பிறகு ரோட்டில் இறங்கி அந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டு, ஓசூர் ரோட்டையே நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார்.

புது வீட்டில் லாரி நின்றதும் யாரும் அவரவர் வீட்டுக்குப் போகவில்லை. "நாலு மணிக்குள்ள எப்படிங்க முடியும், நாங்களும் ரெண்டு கை போடறோம்" என்று இறங்கிவிட்டார்கள். வாசலில் நின்ற வசந்தா, லாரிக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அவளுக்கு விஷயம் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. அதற்குள் கட்டில் மாட்டியாகிவிட்டது, ஜன்னலுக்கு வேட்டியை மடித்துத் திரை போட்டாயிற்று, அடுப்பில் கேசரி ஏறிவிட்டது.

வரன் வீட்டார் கால் மணி நேரம் முன்னதாகவே வந்து இறங்கினார்கள்.

மாப்பிள்ளை, அவர் தாயார், இன்னும் மூன்று பேர். அந்த அம்மாள் அளந்து பேசுகிறவர். கூடத்தில் நிறைந்திருந்த கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ரெண்டே பேர்தான்னு தரகர் சொன்னாரே. இவங்கள்லாம் யாரு?"

பெரியவர் வாயைத் திறந்தார். பல் இருந்தும் வார்த்தை வரவில்லை. வாழ்நாள் முழுக்க ஃபைலில் ஒரு பொய் எழுதாத மனிதர். நான் பொம்மசந்திராவில் படித்த பாடத்தை அத்திபெலே வருவதற்குள் மறந்துபோய், "சொந்தக்காரங்க" என்றேன்.

சுசீலா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நான் பொண்ணுக்குப் பெரியம்மா முறை."

"நான் தாய்மாமன்" என்றார் ஆரோக்கியராஜ், விசிலும் நீலச் சட்டையுமாக.

தாடியும் குல்லாயுமாக வாசலில் நின்ற பாஷா பாய்க்கு, மத்தியானம் ஒதுங்கி நின்றது உறுத்தியிருக்க வேண்டும். "நான் சித்தப்பா" என்று முன்னால் வந்தார்.

அந்த அம்மாளின் புருவம் நெற்றிக்கு ஏறியது. அவ்வளவுதான், மூன்றாவது வரனும் போச்சு என்று நினைத்தேன். அப்போது சமையலறையிலிருந்து வசந்தா வந்தாள். கையில் காபித் தட்டு. தட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இவங்க யாரையும் எனக்குத் தெரியாது. அரை மணி முன்னாடிதான் பார்த்தேன். அப்பாவோட பல்செட்டைச் சாமானோட கட்டிட்டாங்க. இவங்க ரோட்டுல உக்காந்து தேடிக் குடுத்தாங்க. எங்களுக்குன்னு யாரும் இல்ல, நாங்க ரெண்டு பேர்தான். தாய்மாமனும் இல்ல. இதை மறைச்சு எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

ஆரோக்கியராஜ் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிப்பு.

"நீ சும்மா இருடா" என்று அந்த அம்மாள் மகனை அதட்டிவிட்டு, "முழுசா சொல்லுங்க" என்றார். சொன்னோம். வந்திருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கேசரி ஆறிப்போனது. எல்லாம் கேட்டு முடித்து, அந்த அம்மாள் ஒரு வாய் காபி குடித்தார்.

"பல்லுக்கே இத்தனை பேர் வந்தாங்கன்னா, பொண்ணுக்கு ஒண்ணுன்னா ஊரே வரும் போலிருக்கே. இதுக்கு மேல என்ன சொந்தம் வேணும்? தட்டை மாத்திக்கலாம், நாள் பாருங்க."

ஆகவே, நீங்கள் ஒன்றைத் தொலைத்துவிட்டால் தொலைத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், நடு ரோட்டிலானாலும் சரி. நீங்கள் 'செக்கிங்' என்று முனகிக்கொண்டிருந்தால் உங்கள் காலரைத்தான் பிடிப்பார்கள். பெட்டிக்கு நம்பர் போடுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுசீலா என்னை விடமாட்டாள்.

கல்யாணம் ஓசூரில் ஒரு சத்திரத்தில் நடந்தது. நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். மணையில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். "பெண்ணுக்கு நெற்றிப் பட்டம் கட்டணும், தாய்மாமன் யாரு, வாங்கோ" என்று புரோகிதர் கூப்பிட்டார். வழக்கப்படி தாய்மாமன்தான் கட்ட வேண்டும். பெரியவர் மேடையிலிருந்தபடியே மூன்றாவது வரிசையைப் பார்த்து, சத்திரம் முழுக்கக் கேட்கும்படி, "ஆரோக்கியராஜ்! என்ன உக்காந்துட்டீங்க? வாங்க!" என்றார். அவர் புது வேட்டி தடுக்கத் தடுக்க மேடையேறினார். பட்டத்தின் கயிறு இரண்டு தடவை அவர் கையிலிருந்து நழுவியது. "பாறைக்குள்ள வெடி வெச்ச கைம்மா இது, இன்னிக்குப் போயி நடுங்குது பாரு" என்றார்.

"பரவாயில்ல மாமா, மெதுவா கட்டுங்க" என்றாள் வசந்தா.